வெள்ளிக்கிழமைச் சீட்டு

ஜூலை 7, வெள்ளி

ஜனவரியில் ஜவுளிக்கடையில் கொடுத்த டைரி. ஆறு மாதமாகக் காலியாகக் கிடந்தது. வேலையில் இருக்கும் கடைசி வருடத்தையாவது எழுதி வை என்று இவர் சொன்னார். தபால் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருடமாக வீட்டில் இருக்கிற மனிதர். எனக்கு வேலை வைப்பதில் மட்டும் ஒரு குறையும் வைப்பதில்லை. சரி, எழுதுகிறேன். யாராவது எடுத்துப் படித்தால் தெரியட்டும்: உலகம்மாள், மூன்றாம் வகுப்பு ஆசிரியை, வருகிற மே மாதத்தோடு வீட்டுக்கு. தென்காசியில் குடியிருப்பு. பள்ளிக்கு டவுன் பஸ்ஸில் நாற்பது நிமிடம்.

இன்று வெள்ளி. சீட்டு நாள். இருபத்திரண்டு பிள்ளைகளுக்கும் கால் தாளில் ஆளுக்கு ஒரு சீட்டு. அந்த வாரம் பிள்ளை எப்படி இருந்தது என்று இரண்டு வரி. அப்பாவிடம் காட்டிக் கையெழுத்து வாங்கித் திங்களன்று கொண்டுவர வேண்டும். இது என் அப்பா தலைமையாசிரியராக இருந்த பள்ளியில் அவர் நடத்திய வழக்கம். நான் படித்ததும் அங்கேதான். முப்பத்துநான்கு வருடமாக நானும் விடாமல் செய்கிறேன். பிரம்பைத் தொடக்கூடாது என்று உத்தரவு வந்த நாளிலிருந்து நான் தொட்டதில்லை. சீட்டு இருக்கும்போது பிரம்பு எதற்கு?

இந்த வருடம் புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாள். சந்தனமாரி. அம்பாசமுத்திரத்தில் இரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு ஜூனில் சேர்ந்தாள். ஒரு மாதம் ஆயிற்று, ஒருத்தியோடும் ஒட்டவில்லை. வட்டமாக உட்காரச் சொன்னால் வட்டத்துக்கு வெளியே போய் உட்காருகிறாள். நேற்று ஷமீமா ஆசையாகத் தோளில் கை போட்டாள். அந்தக் கையைப் பிடித்துக் கடித்துவிட்டாள். "யாரோடும் பழகுவதில்லை. தோழியைக் கடித்தாள். கண்டிக்கவும்" என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கி நான்காக, எட்டாக, பதினாறாக மடித்தாள்.

அப்பாக்காரர் நல்ல மனிதர். திருமலைக்குமார் என்று பெயர், வயரிங் வேலை. சேர்க்க வந்த அன்றே வகுப்பு மின்விசிறியைச் சும்மா சரிசெய்து கொடுத்தார். "கண்ண மட்டும் விட்டுட்டு மீதிய உரிச்சிருங்க டீச்சர். நான் ஏன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டேன்" என்றார். எல்லா அப்பாவும் சொல்வதுதான். பீடி சுற்றுகிற அவர் மனைவி மாரிக்கனி பக்கத்தில் நின்றாள், வாயைத் திறக்கவில்லை.

ஜூலை 10, திங்கள்

எல்லாச் சீட்டும் வந்துவிட்டன. திருமலைக்குமார் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கிறது, கீழே தேதியோடு. படித்த குடும்பங்களில்கூட இந்த ஒழுங்கு இல்லை.

மகளுக்குத்தான் திமிர். உட்காரச் சொன்னால் நின்றுகொண்டே எழுதுகிறேன் என்கிறாள். போய்த் தொலை என்று விட்டேன்.

பிறகு சிரிப்பு வந்தது. நானும் மூன்றாம் வகுப்பில் அப்படித்தான், நின்றுகொண்டே எழுதுவேன். சிலேட்டை ஜன்னல் கட்டையில் சாய்த்து வைத்துக்கொண்டு. கோவை இலையைக் கசக்கித் தேய்த்தால் சிலேட்டுக்கு ஒரு கருப்பு வரும் பாருங்கள், இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் புரியாது. ஜன்னலுக்கு வெளியே மேற்கு மலை தெரியும். மேகம் இறங்கினால் சாரல் ஜன்னல் வழியாக வந்து சிலேட்டில் புள்ளி வைக்கும். வகுப்பிலேயே மலை தெரிகிற இடம் எனக்கு மட்டும்தான். உட்கார்ந்திருந்தால் அது கிடைத்திருக்குமா?

ஜூலை 16, ஞாயிறு

நல்ல சாரல். குற்றாலத்தில் தண்ணீர் கொட்டுகிறதாம். இவர் எண்ணெய்க் கிண்ணத்தோடு வாசலில் நின்று என்னையும் வா வா என்றார். துவைத்த துணி ஒன்றும் காயவில்லை, நான் எங்கே போக. தனியாகப் போய்விட்டு மூக்கடைப்போடு திரும்பி வந்தார்.

மாலையில் ஒரு போன். "நான் ஜெபமலர் பேசுதேன்" என்றாள். எந்த ஜெபமலர்? ஐந்தாம் வகுப்பு வரை என்னோடு படித்தவளாம். அந்தக் கால ஆட்களை எல்லாம் தேடிப் பிடித்து ஒரு நாள் கூடப் போகிறார்களாம், பதினோரு பேர் கிடைத்திருக்கிறார்களாம். நான் வரவில்லை என்றேன். எனக்கு அங்கே யாரைத் தெரியும்? அவர்கள் கல்லா மண்ணா ஆடுவார்கள், பாண்டி ஆடுவார்கள். நான் வேப்ப மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். தலைமையாசிரியர் மகள், பெருமைக்காரி என்று ஒதுக்கிவிட்டார்கள். போகட்டும், பார்ப்பதிலும் ஒரு சுகம் இருந்தது. யார் கோட்டை மிதித்தாள், யார் ஏமாற்றினாள் என்று எனக்குத்தான் எல்லாம் தெரியும்.

ஜூலை 21, வெள்ளி

சீட்டு எழுதினேன். சந்தனமாரிக்கு: "வாயே திறப்பதில்லை. கூட்டு விளையாட்டுக்கு வருவதில்லை." மழை. பஸ் வரவில்லை.

ஜூலை 24, திங்கள்

சந்தனமாரி வரவில்லை. காய்ச்சலாம்.

ஜூலை 26, புதன்

கரும்பலகை மேல் விளிம்பில் சாக்பீஸ் பெட்டி இருந்தது. எடுக்கக் கையைத் தூக்கினேன். முன்வரிசையில் இருந்த சந்தனமாரி தலையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு தரையோடு சுருண்டுவிட்டாள். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தன. எனக்கும் முதலில் கோபம்தான், என்ன நாடகம் இது என்று. எல்லோரையும் அதட்டி அடக்கினேன்.

அதன்பிறகு ஷமீமாவைத் தனியே கூப்பிட்டு, ஏன் அவளோடு யாரும் உட்காருவதில்லை என்று கேட்டேன். பெரிய மனுஷி மாதிரி கையை ஆட்டிச் சொன்னாள்: முதுகில் தொட்டால் அடிக்கிறாளாம், முன்னால் போய் நின்றால் முறைக்கிறாளாம், பின்னால் யாராவது ஓடினால் அழுகிறாளாம். "அவகூட எப்பிடி விளையாடுறதுன்னே தெரியல டீச்சர்."

எனக்கும் தெரியவில்லை. சில பிள்ளைகள் பிறவியிலேயே அப்படி. வயசு வந்தால் சரியாகிவிடும்.

ஆகஸ்ட் 4, வெள்ளி

நாலு மணிக்கு மணி அடித்து எல்லோரும் போய்விட்டார்கள். சந்தனமாரியின் பை மட்டும் இருக்கிறது. தேடினால் சத்துணவுக் கூடத்தில் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். சத்துணவு ஆயாதான் கண்டுபிடித்தாள். வயிற்றுவலி என்றாள். ஓமம் மென்று தின்னக் கொடுத்தேன். வீட்டுக்குப் போ என்றால் எழுந்திருக்கவில்லை. கையைப் பிடித்து வாசல் வரை கொண்டுபோய் விட்டேன்.

அங்கே வைத்துச் சீட்டைத் திரும்ப வாங்கி அதையும் சேர்த்து எழுதினேன்: "பிடிவாதம்."

ஆகஸ்ட் 15, செவ்வாய்

கொடியேற்றம். மைக் செட் மக்கர் பண்ணியது, திருமலைக்குமார் வந்து இரண்டு நிமிடத்தில் பேச வைத்தார். தலைமையாசிரியர் ஞானதிரவியம் சார் அவரை மேடைக்குக் கூப்பிட்டுத் துண்டு போர்த்தினார். எல்லோரும் கை தட்டினோம். சந்தனமாரியும் தட்டினாள். அப்பா மேடையை விட்டு இறங்கும் வரை நிறுத்தவில்லை.

ஆகஸ்ட் 16, புதன்

ஆடி அமாவாசை. லீவு போட்டுவிட்டு அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தாயிற்று. இன்று பூராவும் அவர் நினைவுதான்.

அப்பா மாதிரி ஒரு ஆளை இனி பார்க்க முடியாது. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாது. வீட்டில் குரல் உயர்த்திப் பேசி ஒருநாள் கேட்டதில்லை. கோபத்தில் அடிக்கிற ஆளே இல்லை அவர். வகுப்பு டீச்சர் அனுப்பிய சீட்டை வாங்கி நிதானமாகப் படிப்பார். எத்தனை என்று முதலில் சொல்லிவிடுவார். சொன்னதற்கு மேல் ஒன்றுகூட விழாது. அப்படி ஒரு நியாயஸ்தர். முடிந்ததும் அவரே தேங்காய் எண்ணெய் தடவிவிடுவார். பிறகு சைக்கிளில் போய்ப் பேக்கரியில் பால் பன் வாங்கிவந்து பக்கத்தில் உட்கார்ந்து பிய்த்துப் பிய்த்து ஊட்டுவார். அந்தப் பன்னின் ருசி இன்னும் என் நாக்கில் இருக்கிறது. அம்மா அடுக்களையை விட்டு வரமாட்டாள்.

அவர் இல்லாவிட்டால் நான் டீச்சர் ஆகியிருப்பேனா? இவர் கேட்டார், "ஒங்க அப்பாவ நெனச்சா எதுக்கு எப்பவும் கையப் பெசைஞ்சுகிட்டே இருக்க?" என்று. நான் அப்படியெல்லாம் செய்வதில்லை.

ஆகஸ்ட் 19, சனி

போன் பண்ணிய ஜெபமலர் இன்று நேரிலேயே வந்து நின்றுவிட்டாள். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவளாம். பார்த்ததும் தெரிந்தது, அதே சுருட்டை முடி, முழுக்க நரைத்து. இவர் காபி போட்டுக் கொடுத்துவிட்டு நாகரிகமாகக் கடைக்குக் கிளம்பினார்.

கூடும் நாளுக்கு நீ வந்தே ஆக வேண்டும் என்றாள். நீங்கள்தான் என்னைச் சேர்க்கவே மாட்டீர்களே, இப்போது மட்டும் என்ன என்று நான் விளையாட்டாகத்தான் கேட்டேன். அவள் காபியைக் கீழே வைத்தாள்.

"உலகு, ஒனக்குத் தெரியாதா? எங்கம்மாதான் சொன்னா, வாத்தியார் பிள்ளைய ஆட்டத்துக்குக் கூப்பிடாதியட்டீன்னு. விழுந்து முட்டி தேஞ்சா அதுக்கும் அவளுக்குத்தான் விழும்னு. அதான் நாங்க யாரும் கூப்பிடல. ஒன்னப் பிடிக்காம இல்ல."

அவளே தொடர்ந்தாள். பின்னால் யாராவது வந்து நின்றால் நான் ஒண்ணுக்குப் போய்விடுவேனாம். ஒருமுறை தட்டாங்கல் ஆடும்போது அவள் கல்லை மேலே போட்டுப் பிடிக்கக் கையைத் தூக்கியதற்கு அவள் கன்னத்தில் பிராண்டிவிட்டேனாம். வடுவைக் காட்டினாள். இருந்தது, மெல்லிய கோடாக.

இவளுக்கு எப்போதும் கற்பனை அதிகம். என் அப்பாவைப் பற்றி என் வீட்டில் உட்கார்ந்து பேசுகிறாள். தலைவலிக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். போகும்போது என் கையைப் பிடித்தாள், நான் உருவிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

வேலையே ஓடவில்லை. சாம்பாரில் உப்பை இரண்டு தடவை போட்டேன்.

பெருமைக்காரி என்று ஒதுக்கினார்கள் என்றுதான் ஐம்பது வருடமாக நினைத்திருந்தேன். ஒருவகையில் அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

ஆகஸ்ட் 25, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இந்த வாரம் சந்தனமாரிக்கு நல்ல சீட்டு எழுதினேன். ஏன் என்று என்னைக் கேட்டால் தெரியாது. "நல்ல பிள்ளை. கணக்கு நன்றாகப் போடுகிறாள்" என்று. அவளுக்குக் கூட்டெழுத்துப் படிக்க வராது. சீட்டை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றாள். என்ன என்றேன்.

"டீச்சர், இது எத்தன?"

எத்தனை என்றால் என்ன என்று கேட்டேன்.

"எத்தன அடிக்குள்ளது? அப்பா படிச்சிட்டுச் சொல்லுவாவ. போன வாரம் எட்டு."

யாருக்கு எத்தனை இட்லி என்று சொல்கிற குரலில் சொன்னாள். சத்துணவு ஆயாவைத் துணைக்குக் கூப்பிட்டு, கூடத்துக்குள் கூட்டிப்போய்ப் பாவாடையைச் சற்றுத் தூக்கிப் பார்த்தோம். தொடையின் பின்பக்கம் முழுக்கக் கோடு. பழையது கருப்பாக, புதியது சிவப்பாக. இரட்டைக் கோடுகள். வயரை மடக்கி அடித்தால் அப்படித்தான் விழும் என்று ஆயா சொன்னாள். எனக்கு அவள் சொல்லாமலே தெரியும்.

ஞானதிரவியம் சாரிடம் ஓடினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. திங்கட்கிழமை பேசிக்கொள்ளலாம், இன்று ஒன்றும் வேண்டாம் என்றார். அதற்குள் வாசலில் பைக் சத்தம். திருமலைக்குமார் வந்து, வணக்கம் டீச்சர் என்று சிரித்தார். நல்ல சீட்டை நானே அவர் கையில் கொடுத்தேன். படித்துவிட்டு மகள் தலையைத் தடவினார். அவள் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டாள். பைக்கின் பின்னால் ஏறினாள்.

நான் அனுப்பிவிட்டேன். பார்த்த பிறகும் அனுப்பிவிட்டேன். எத்தனை சமாதானம் எழுதினாலும் இதுதான் நடந்தது.

ஆகஸ்ட் 26, சனி

காலை ஆறரை மணிக்கு 1098க்குப் போன் பண்ணினேன். குழந்தைகள் உதவி எண் என்று நம் பள்ளிச் சுவரிலேயே பெரிதாக எழுதியிருக்கிறது. அந்த எழுத்து மங்கிப்போனபோது போன வருடம் பெயிண்டு அடிக்க ஆள் பிடித்தவள் நான்தான். ஒரு பெண் எடுத்தாள். உங்கள் பெயரைச் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம் என்றாள். சொல்கிறேன் என்றேன்.

இவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். முடிந்ததும், "அழணும்னா அழு, நான் கடைக்குப் போயிட்டு வாரேன்" என்றார். அழுகை வரவில்லை. வாளியை எடுத்து வீடு முழுக்கக் கழுவிவிட்டேன்.

ஆகஸ்ட் 28, திங்கள்

சனிக்கிழமை மாலையே மாவட்டத்திலிருந்து இரண்டு பேர் போய், பிள்ளையை ஆஸ்பத்திரியில் காட்டி, ஒரு காப்பகத்தில் வைத்திருக்கிறார்கள். விசாரணை முடியும் வரை அங்கேதான்.

பள்ளிக்கூட வாசலில் கூட்டம். திருமலைக்குமார் கத்தவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "நீங்க எழுதி அனுப்புனீய, நான் கண்டிச்சேன். இப்ப நான் குத்தவாளி, நீங்க நல்லவியளா டீச்சர்?" என்று எல்லோரும் கேட்கும்படி நிதானமாகக் கேட்டார். சரியான கேள்வி என்று கூட்டத்தில் இரண்டு பேர் சொன்னார்கள்.

எனக்கும் அது சரியான கேள்வியாகத்தான் பட்டது.

செப்டம்பர் 2, சனி

மாரிக்கனி வீடு தேடி வந்தாள். உள்ளே வரவில்லை, செருப்பைக் கழற்றிவிட்டு வாசப்படியிலேயே நின்றாள். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"நான் சொல்லியிருந்தா எனக்கும் சேத்துதான் டீச்சர் விழுந்திருக்கும். நீங்க சொல்லீட்டிய. இனி மாத்திச் சொல்லீராதிய."

விசாரணையில் நான் பின்வாங்கினால் பிள்ளை நேராக அந்த வீட்டுக்குத்தான் திரும்பிப் போகும் என்று அவளிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஞானதிரவியம் சாரும் நேற்று ஜாடையாகச் சொன்னார், கீழே விழுந்த காயமாகவும் இருக்கலாம் என்று சொல்லிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி, ரிட்டயராகிற நேரத்தில் உங்களுக்கு ஏன் ஊர்ப் பொல்லாப்பு என்று. நல்ல மனிதர்தான். பயந்த மனிதர்.

செப்டம்பர் 5, செவ்வாய்

ஆசிரியர் தினம். வருடா வருடம் மேசை நிறைய ரோஜாப்பூ இருக்கும். இன்று நாலு.

செப்டம்பர் 12, செவ்வாய்

குழந்தைகள் நலக் குழுவின் விசாரணை. சின்ன அறை, ஐந்து பேர், நடுவில் ஒரு அம்மா. நான் நினைத்த மாதிரி கோர்ட்டு போல இல்லை, டீ கொடுத்தார்கள்.

திருமலைக்குமார் சட்டைப்பையிலிருந்து சீட்டுகளை எடுத்து மேசையில் அடுக்கினார். நான் எழுதியதை எல்லாம் திங்களன்று திருப்பித் தருவதற்கு முன்னால் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறார். தேதி வாரியாக. நான் குடிகாரன் இல்லை, பிள்ளை நன்றாக வர வேண்டும் என்றுதான் செய்தேன் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் அப்படித்தான் நம்புகிறார். என் அப்பாவும் அப்படித்தான் நம்பினார்.

இவை நீங்கள் எழுதியவையா என்று அந்த அம்மா கேட்டார்கள். ஆமாம் என்றேன். ஒவ்வொன்றாக எடுத்து நானே வாசித்தேன். யாரோடும் பழகுவதில்லை. வாயே திறப்பதில்லை. தோழியைக் கடித்தாள். கூட்டு விளையாட்டுக்கு வருவதில்லை. பிடிவாதம். வாசிக்க வாசிக்க என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

"இதெல்லாம் பிள்ளையோட குணம்னு நெனச்சு எழுதினேன்மா. அடி வாங்குனதால வந்ததுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். மத்தவங்களுக்குத் தெரியாம இருக்கலாம், எனக்குத் தெரிஞ்சிருக்கணும். நானும் இப்படித்தான் இருந்தேன்."

யார் அடித்தார்கள் என்று கேட்டார்கள். எங்கப்பா என்றேன். ஐம்பத்தொன்பது வயதில், முன்பின் தெரியாத ஐந்து பேருக்கு முன்னால், முதல் தடவையாகச் சொன்னேன். திருமலைக்குமார் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்துகொண்டார்.

பிள்ளை தாயோடு பெரியம்மா வீட்டில் இருக்கலாம், இதே பள்ளிக்கு வரலாம், தகப்பன் குழு சொல்லும் வரை கிட்டே வரக்கூடாது, மாதாமாதம் அதிகாரி வந்து பார்ப்பார் என்று உத்தரவு. போலீஸ் வழக்கு தனியாக நடக்கும்.

பஸ்ஸில் வரும்போது அப்பா மேல் கோபம் வருமா என்று காத்திருந்தேன். கோபமும் வந்தது. அவர் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டால் இன்றும் ஓடிப்போய் வாசல் கதவைத் திறப்பேன், அதுவும் உண்மை. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

செப்டம்பர் 15, வெள்ளி

இனிமேல் சீட்டு கிடையாது என்று வகுப்பில் சொன்னேன். ஒரு நிமிடம் யாரும் நம்பவில்லை. பிறகு பின்வரிசையில் ஒருவன் எழுந்து, "அப்பம் இனி சனி ஞாயிறு லீவு நெசமாவே லீவா டீச்சர்?" என்று கேட்டான். சீட்டு கொண்டுபோய் வீட்டில் அடி வாங்கியவர்கள் யார் யார் என்று கேட்டேன். ஒன்பது கை.

முப்பத்துநான்கு வருடம். நான் எண்ணிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

அக்டோபர் 9, திங்கள்

காலாண்டு விடுமுறை முடிந்து சந்தனமாரி திரும்பிவிட்டாள். எல்லாம் மாறியிருக்கும் என்று நான் பாட்டுக்கு நினைத்துக்கொண்டிருந்தேன். மாறவில்லை. முதல் மணியிலேயே ஒருவனை ஸ்கேலால் குத்தினாள். நான் பக்கத்தில் போனால் இன்னும் கழுத்தைச் சுருக்குகிறாள்.

ஆஸ்பத்திரியில் இப்படிப்பட்ட பிள்ளைகளை நிறையப் பார்த்திருப்பாளே என்று ஜெபமலருக்குப் போன் பண்ணினேன். அன்றைக்கு அனுப்பிவிட்டதற்கு மன்னிப்பும் கேட்டேன். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னாலிருந்து தொடாதே, கையைத் தூக்கும் முன் என்ன செய்யப்போகிறாய் என்று சொல்லிவிடு, அவசரப்படாதே என்றாள். "ஒனக்கே அறுவது வருசம் ஆவுது, அவளுக்கு ஒரு மாசம் குடேன்" என்றாள். கூடும் நாள் நவம்பரில் என்றாள். வருகிறேன் என்றேன்.

அக்டோபர் 20, வெள்ளி

"சாக்பீஸ் எடுக்கப் போறேன்", "ஜன்னலைச் சாத்தப் போறேன்" என்று நாள் முழுக்க வர்ணனை சொல்லிக்கொண்டே பாடம் நடத்துகிறேன். பிள்ளைகள் என்னைப் போலவே பேசி நையாண்டி செய்கின்றன. சந்தனமாரி லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. இல்லாமலும் இருக்கலாம்.

ஷமீமாவிடம், அவளையும் ஆட்டத்துக்குக் கூப்பிடு என்றேன். உடனே பேரம்: "கடிக்க மாட்டேன்னு அவ சொல்லட்டும், நான் சேத்துக்கிடுதேன்." அவளே போய் நேரில் கேட்டாள். சந்தனமாரி நெடுநேரம் யோசித்துவிட்டு, "பின்னால வராத, நான் கடிக்க மாட்டேன்" என்றாள். இரண்டு நாடுகள் ஒப்பந்தம் போட்டது போல இருவரும் தலையாட்டினார்கள்.

நவம்பர் 5, ஞாயிறு

பழைய பள்ளியில் கூடினோம். பதினோரு பேரில் என்னோடு சேர்த்து ஒன்பது பேர் வந்திருந்தோம். கட்டிடத்தை இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டார்கள், வேப்ப மரமும் இல்லை. மலை மட்டும் அங்கேயே இருக்கிறது. ஜெபமலர் சுண்ணாம்புக் கட்டியால் பாண்டிக் கட்டம் போட்டாள். எல்லோருக்கும் மூட்டுவலி, ஒருத்திக்கு ஆபரேஷன் வேறு. நொண்டி அடிக்க முடியாமல் விழுந்து விழுந்து சிரித்தோம். என் முறை வந்தபோது மூன்றாவது கட்டத்தில் கோட்டை மிதித்துவிட்டேன். "அவுட்டு, அவுட்டு" என்று எட்டுப் பேரும் கத்தினார்கள். இப்படி ஒரு சந்தோஷம் இருந்திருக்கிறது, இத்தனை வருடமும் எனக்குத் தெரியாமலே.

நவம்பர் 23, வியாழன்

காலையில் தோசை மாவு புளித்துவிட்டது. இவருக்கு ஊத்தப்பமாக ஊற்றிவிட்டேன். பஸ் சரியாக வந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகைப் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தேன். வெளியே ஓடிப் பிடித்து ஆடும் சத்தம். திடீரென்று பெரிய அழுகை. எழுவதற்குள் சந்தனமாரி வகுப்புக்குள் ஓடி வந்தாள். முட்டியெல்லாம் மண், மூக்கு ஒழுகுகிறது. பின்னாலேயே ஷமீமா, முகம் சிவந்துபோய்.

சந்தனமாரி என் மேசைக்கு நேர் எதிரே வந்து நின்று, விரலை நீட்டினாள்.

"டீச்சர், இவ என்னயத் தள்ளிவிட்டுட்டா. என்னான்னு கேளுங்க."

முப்பத்துநான்கு வருடத்தில் எத்தனை ஆயிரம் தடவை பிள்ளைகள் இதை என்னிடம் வந்து சொல்லியிருக்கும். போங்க, போய் விளையாடுங்க என்று தலையை நிமிர்த்தாமலே விரட்டியிருக்கிறேன். இவள் இதுவரை ஒருமுறைகூட யாரிடமும் போய்ச் சொன்னதில்லை. தன்னை அடித்தால் அது தப்பு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. போய்ச் சொன்னால் கேட்க ஆள் இருக்கிறது என்றும்.

பதிவேட்டை மூடினேன். இரண்டு பேரையும் உட்காரவைத்து, யார் முதலில், எங்கே வைத்து, எதற்காக என்று கேட்டேன். ஷமீமா குறுக்கே பேசப் பேச, அவள் விடாமல், அழுதுகொண்டே, முதலிலிருந்து கடைசி வரை எல்லாவற்றையும் சொன்னாள்.